ஒரு கேள்வி கேட்டால் ஏன் போன் நம்பர் வாங்கிக்கொள்கிறார்கள்? சென்னைவாசிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கரண்ட் எப்போது வரும், ஸ்கேனுக்கு எவ்வளவு ஆகும், அந்த வீடு இன்னும் காலியாக இருக்கிறதா என்று சாதாரணமாக எதைக் கேட்டாலும், பெயரும் நம்பரும் கொடுத்த பிறகுதான் பதில் வருகிறது. எங்கள் பகுதிக் குடியிருப்போர் நலச் சங்கத்தில் இதைப் பற்றிப் பலரும் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்விகளையும் நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: கேட்டதற்குப் பதில் சொல்ல எது தேவையோ அதை மட்டும் வாங்க வேண்டும், பதில் சொல்லி முடித்ததும் அந்தத் தகவலின் வேலை முடிந்துவிட வேண்டும்.

தகவல் கேட்கத்தானே கூப்பிட்டேன். எதற்குப் பெயர், நம்பர், முகவரி எல்லாம்?

நீங்கள் கேட்பது எந்த மாதிரிக் கேள்வி என்று முதலில் பாருங்கள்.

கடை எத்தனை மணி வரை, கட்டணம் எவ்வளவு, விண்ணப்பம் எங்கே கிடைக்கும் என்பவை எல்லாருக்கும் ஒரே பதில் உள்ள கேள்விகள். இவற்றுக்கு உங்களைப் பற்றி எதுவுமே தெரிய வேண்டியதில்லை. 'நம்பர் சொன்னால்தான் விலை சொல்வோம்' என்றால், அவர்களுக்கு வேண்டியது உங்கள் நம்பர்தான். வேறு இடத்தில் விசாரித்துக்கொள்ளலாம்.

உங்கள் சொந்த விஷயம் பற்றிய கேள்வி என்றால் ஓர் அடையாளம் வேண்டும். மின்வாரியத்தின் மின்னகம் எண்ணில் (94987 94987) கரண்ட் போனது பற்றிச் சொல்லும்போது இணைப்பு எண்ணைக் கையில் வைத்திருந்தால் வேலை சீக்கிரம் நடக்கும். எந்த மண்டலம், எந்தப் பிரிவு அலுவலகம் என்பது அந்த எண்ணுக்குள்ளேயே இருக்கிறது. மாநகராட்சியின் 1913-ல் குப்பை எடுக்கவில்லை என்று புகார் செய்தால் தெருப் பெயர் கட்டாயம் தேவை. புகார் என்ன ஆனது என்று தெரிவிக்க ஒரு போன் நம்பரும் தேவை. உங்கள் பிறந்த தேதிக்கு அங்கே வேலையில்லை.

மூன்றாவது வகை, பதில் பிறகு வரவேண்டிய கேள்வி. அதற்கு உங்களைத் தொடர்புகொள்ள ஒரு வழி போதும். நம்பரோ மின்னஞ்சலோ, இரண்டில் எது என்பதை நீங்கள் தீர்மானிக்கலாம்.

நான் வாயால் சொன்னது தவிர வேறு என்னென்ன போய்ச் சேர்கிறது?

கொஞ்சம் அதிகமாகவே போகிறது. போனில் பேசினால், கூப்பிட்ட எண், நேரம், எவ்வளவு நேரம் பேசினீர்கள் என்பது, பெரும்பாலும் குரல் பதிவும். 'சேவைத் தரத்துக்காக இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது' என்று வேகமாகச் சொல்லிவிட்டுப் போவது அதைத்தான். வாட்ஸ்அப்பில் கேட்டால் உங்கள் எண்ணும், நீங்கள் வைத்திருக்கும் பெயரும், எல்லாருக்கும் தெரியும்படி விட்டிருந்தால் படமும். இணையதளத்தில் கேட்டால் ஐபி முகவரி, எந்த வகைப் போன், குக்கீகள் வழியாக இதற்கு முன்பு அந்தத் தளத்தில் எதையெல்லாம் பார்த்தீர்கள் என்பது வரை.

பலருக்கும் தெரியாத ஒன்று: சில தளங்களில் படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கும்போதே, 'சமர்ப்பி' பொத்தானை அழுத்தும் முன்பே, எழுதியது மறுபக்கம் போய்விடும். 'வேண்டாம்' என்று பாதியில் மூடிய படிவத்துக்கும் மறுநாள் அழைப்பு வந்தால் இது காரணமாக இருக்கலாம்.

மறுமுனையில் பதில் சொல்பவர் என்னைப் பற்றி எதையெல்லாம் பார்க்கிறார்?

உங்கள் எண்ணை அடித்ததும் ஒரு பக்கம் திறக்கும். பெயர், முகவரி, வாங்கியது என்ன, முன்பு எப்போதெல்லாம் கூப்பிட்டீர்கள், என்ன சொன்னீர்கள், அப்போது பேசிய ஊழியர் எழுதிய குறிப்பு எல்லாம் அதில் இருக்கும். இது இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். புகார் எண்ணைச் சொன்னதும் 'ஆமாம் சார், போன வாரம் டெக்னீஷியன் வந்துட்டுப் போயிருக்கார்' என்று அவர் சொல்வது இதனால்தான். நல்ல பயன்பாடு என்று நான் நினைப்பது இதைத்தான்: நம் தகவல் நமக்கே உதவுகிறது.

அப்புறம், அந்த ஊழியர் நீங்கள் கூப்பிட்ட நிறுவனத்தைச் சேர்ந்தவராகவே இருக்க வேண்டியதில்லை. பெருங்குடி, சோழிங்கநல்லூர் பக்கம் ஓஎம்ஆர் கட்டடங்களில் உட்கார்ந்து, எங்கெங்கோ இருக்கும் நிறுவனங்களுக்காக ஒப்பந்தத்தில் பதில் சொல்லும் பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்களில் பலர் நம் வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் மேல் கோபப்பட ஒன்றுமில்லை. தகவல் கசிந்தால் பொறுப்பு யாருக்கு என்பதைப் புதிய சட்டம் தெளிவாக்கியிருக்கிறது. வேலையை யாரிடம் ஒப்படைத்திருந்தாலும், தகவலை வாங்கிய நிறுவனம்தான் பொறுப்பு. 'அது எங்க வெண்டார் செய்தது' என்று கைகழுவ முடியாது.

எந்தப் புதிய சட்டம்? அமலுக்கு வந்துவிட்டதா?

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023. இதற்கு விதை 2017 ஆகஸ்ட் 24 அன்று விழுந்தது. அன்றுதான் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஆறு ஆண்டு இழுபறிக்குப் பிறகு 2023 ஆகஸ்டில் சட்டம் நிறைவேறியது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வெளிவந்தன.

எல்லாம் ஒரே நாளில் அமலாகவில்லை. தரவுப் பாதுகாப்பு வாரியம் அமைப்பதற்கான பிரிவுகள் உடனே வந்தன. நம் ஒப்புதல், நம் உரிமைகள், நிறுவனங்களின் கடமைகள், அபராதம் ஆகிய முக்கியமான பகுதிகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்தார்கள். அந்தக் கணக்குப்படி அவை 2027 மே மாதம் அமலாகும்; கீழே அவற்றைப் பற்றி நான் சொல்வதெல்லாம் அப்போதிலிருந்துதான் கட்டாயம். அதுவரை 2000-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் உள்ள 43ஏ பிரிவும், அதன்கீழ் வந்த 2011 விதிகளும் இருக்கின்றன. கடவுச்சொல், வங்கி விவரம், உடல்நலம், கைரேகை போன்றவற்றை வாங்கும் நிறுவனம் ஒரு குறைதீர் அதிகாரியை வைத்திருக்க வேண்டும். அவர் ஒரு மாதத்துக்குள் குறையைத் தீர்க்க வேண்டும் என்று அந்த விதிகள் சொல்கின்றன. ஆகவே 'இன்னும் சட்டமே வரவில்லையே' என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

தகவலைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம் என்கிறது 2023 சட்டம். அந்தப் பணம் அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும், பாதிக்கப்பட்டவருக்கு வராது. இதை ஒரு பெரிய குறையாகவே நான் பார்க்கிறேன்.

வீடு தேடும்போது புரோக்கரிடம் நம்பர் கொடுத்தேன். வீடு கிடைத்து ஆறு மாதமாகியும் கூப்பிடுகிறார்கள். என்ன செய்வது?

இதே நிலைமையைச் சட்டமே உதாரணமாக எழுதி வைத்திருக்கிறது. ஏழாவது பிரிவைப் பாருங்கள். ஒருவர் வாடகை வீடு பார்த்துத் தரச் சொல்லித் தரகருக்குச் செய்தி அனுப்புகிறார், தன் விவரங்களையும் தருகிறார். பொருத்தமான வீடுகளைக் கண்டுபிடித்துச் சொல்வதற்குத் தரகர் அந்த விவரங்களைப் பயன்படுத்தலாம். பிறகு அவர் 'இனி உங்கள் உதவி வேண்டாம்' என்று சொல்லிவிட்டால், தரகர் அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

நம் ஊரில் என்ன நடக்கிறது? வேளச்சேரியில் இரண்டு பெட்ரூம் வீடு என்று இணையத்தில் ஒரு விளம்பரத்தைப் பார்த்து 'உரிமையாளரைத் தொடர்புகொள்ள' என்பதை அழுத்துகிறோம். பத்து நிமிடத்தில் நான்கு பேர் கூப்பிடுகிறார்கள். யாருமே உரிமையாளர் இல்லை. அந்த வீடு போன மாதமே முடிந்துவிட்டது என்கிறார்கள், 'பட்ஜெட் என்ன மேடம், ஃபேமிலியா, பேச்சிலரா, வெஜ்ஜா' என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறார்கள். நம் சம்பளம், சாப்பாடு, குடும்பம் எல்லாம் முன்பின் தெரியாதவரின் குறிப்பேட்டுக்குப் போய்விடுகிறது. வீடு மாற்றும் கம்பெனி, கடன் தரும் கம்பெனி, உள் அலங்காரம் செய்பவர் என்று அடுத்தடுத்து வரிசையாக வருவார்கள்.

என் யோசனை இவ்வளவுதான். வீடு முடிந்த அன்றே, பேசிய எல்லாத் தரகர்களுக்கும் ஒரே செய்தியை அனுப்புங்கள்: 'வீடு கிடைத்துவிட்டது. என் எண்ணையும் விவரங்களையும் நீக்கிவிடுங்கள், வேறு யாருக்கும் தர வேண்டாம்.' விளம்பரத் தளத்தில் உங்கள் தேடலை மூடிவிடுங்கள். வாயால் சொல்வதைவிட எழுத்தில் சொல்வது நல்லது, நாளைக்குக் காட்ட ஆதாரம் இருக்கும். ஆதார், சம்பளச் சீட்டு போன்றவற்றை வீட்டைப் பார்த்து, பேச்சு முடிந்து, ஒப்பந்தம் எழுதும் நேரத்தில் உரிமையாளரிடம் மட்டும் கொடுங்கள். வீட்டைக் காட்டுவதற்கு முன்பே கேட்கிறவரிடம் கொடுக்கவே கூடாது.

தி.நகரில் துணி எடுத்தால் பில் போடும்போது நம்பர் கேட்கிறார்களே, கொடுக்காவிட்டால் பில் வராதா?

வரும். பொருளுக்குப் பணம் கொடுத்தால் பில் தர வேண்டியது கடையின் கடமை. வாடிக்கையாளரின் போன் நம்பரைக் கட்டாயப்படுத்திக் கேட்கக் கூடாது என்று 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையே சில்லறை வணிகர்களுக்கு அறிவுறுத்தியது. 'நம்பர் வேண்டாம்மா, பேப்பர் பில் போடுங்க' என்று பொறுமையாகச் சொன்னால் பெரும்பாலும் போட்டுவிடுவார்கள். பில் போடும் பெண்ணுக்கு அது மேலிடத்து உத்தரவு, அவ்வளவுதான்.

நீங்களாகவே 'ரசீதை போனுக்கு அனுப்புங்கள்' என்று கேட்டு நம்பர் தந்தால், ரசீது அனுப்ப அதைப் பயன்படுத்தலாம். மருந்துக்கடை ஒன்றை வைத்து இதையும் சட்டம் உதாரணமாகச் சொல்கிறது. அதே நம்பருக்கு ஆடித் தள்ளுபடி விளம்பரம் அனுப்ப வேண்டுமென்றால் அது தனிக் காரியம். அதற்குத் தனியாகக் கேட்க வேண்டும்.

'ஐ அக்ரீ' என்று டிக் செய்தால் எல்லாவற்றுக்கும் சம்மதித்ததாகிவிடுமா?

ஆகாது. ஒப்புதல் கட்டாயமில்லாமல், குறிப்பிட்ட ஒரு காரியத்துக்காக, விவரம் தெரிந்து, நிபந்தனையில்லாமல், சந்தேகத்துக்கு இடமில்லாமல் தரப்பட்டதாக இருக்க வேண்டும். நீங்களே ஒரு செயலால் அதைத் தெரிவிக்கவும் வேண்டும். முன்கூட்டியே டிக் போட்டு வைத்த கட்டம் இந்த விளக்கத்துக்குள் வராது.

டாக்டரிடம் போனில் ஆலோசனை கேட்கும் செயலி ஒன்று, உங்கள் போனில் சேமித்த தொடர்பு எண்களையும் பார்க்க அனுமதி கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இரண்டுக்கும் 'சரி' சொல்லியிருந்தாலும், மருத்துவ ஆலோசனைக்குத் தொடர்பு எண்கள் தேவையில்லை என்பதால் அந்த ஒப்புதல் ஆலோசனைக்கு மட்டுமே செல்லும். இதுவும் சட்டத்தில் உள்ள உதாரணம்தான்.

இன்னொன்றையும் தமிழர்கள் உரிமையோடு கேட்க வேண்டும். எதற்காகத் தகவல் வாங்குகிறோம் என்ற அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் நாம் விரும்பும் ஒன்றிலோ படிக்க வழி செய்ய வேண்டும் என்கிறது சட்டம். தமிழ் அந்தப் பட்டியலில் இருக்கிறது. வயதான அம்மா அப்பாவிடம் ஆங்கிலத்தில் நாற்பது பக்கத்தைக் காட்டி விரலால் தொடச் சொல்வதை ஒப்புதல் என்று நான் ஏற்க மாட்டேன். கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறுவதும், கொடுத்தது எவ்வளவு சுலபமோ அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும்.

ஜெராக்ஸ் கடையில் ஆதாரை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறார்கள். ஆபத்தா?

ஆபத்துதான். கடைக்காரர் நல்லவராகவே இருப்பார். ஆனால் அந்தக் கடையின் போனிலும் கம்ப்யூட்டரிலும் ஊரில் பாதிப் பேரின் ஆதார், பான், மதிப்பெண் பட்டியல், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் எல்லாம் அழிக்கப்படாமல் கிடக்கின்றன. கடைக்கு வருகிறவர், வேலைக்குச் சேர்ந்த பையன், பழைய கம்ப்யூட்டரை வாங்குகிறவர் என்று யார் கைக்கும் அது போகலாம். அடையாளத் திருட்டுக்கு இதைவிடச் சுலபமான இடம் கிடையாது.

முடிந்தால் வீட்டிலேயே ஒருவரிடம் பிரின்ட் எடுங்கள். கடைதான் கதி என்றால், பிரின்ட் வந்ததும் அங்கேயே நின்று 'அண்ணா, அந்த ஃபைலை அழிச்சிடுங்க, டவுன்லோட்ஸ்லயும் பாருங்க' என்று கேளுங்கள். உங்கள் பக்கமிருந்து வாட்ஸ்அப்பில் 'எல்லோருக்கும் நீக்கு' கொடுத்தாலும், ஏற்கெனவே கம்ப்யூட்டரில் இறக்கிய பிரதி அங்கேதான் இருக்கும். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

12 இலக்கமும் தேவைப்படாத இடங்களுக்கு மறைக்கப்பட்ட ஆதாரைப் பயன்படுத்துங்கள். ஆதார் ஆணையத்தின் தளத்தில் இறக்கும்போதே அந்த வசதி இருக்கிறது. முதல் எட்டு இலக்கங்கள் மறைந்து கடைசி நான்கு மட்டும் தெரியும். ஆதார் எண்ணுக்குப் பதிலாக 16 இலக்க மெய்நிகர் அடையாள எண்ணையும் உருவாக்கிக்கொள்ளலாம். இறக்கிய ஆதார் கோப்புக்குக் கடவுச்சொல் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த ஆண்டும் சேர்ந்ததுதான் எல்லாருக்கும் கடவுச்சொல். உங்களைத் தெரிந்த எவரும் அதைத் திறந்துவிடலாம். நகல் கொடுக்கும்போது அதன் குறுக்கே 'இன்ன காரியத்துக்கு மட்டும்' என்று தேதியோடு எழுதிக் கையெழுத்துப் போடும் பழைய பழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்றே கல்லூரிகளிலிருந்து கூப்பிடுகிறார்கள். பிள்ளையின் பெயர், குரூப் எல்லாம் சொல்கிறார்கள். எப்படி?

பிள்ளையும் நீங்களும் அந்த வருடம் எங்கெல்லாம் கேள்வி கேட்டீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். கல்விக் கண்காட்சியில் 'எந்தக் கோர்ஸ் நல்லது' என்று கேட்டு நிரப்பிய சீட்டு, இலவச மாதிரித் தேர்வு, உதவித்தொகைத் தேர்வு என்ற பெயரில் நடந்தது, கட்-ஆஃப் கணக்குப் போட்டுக் காட்டும் தளம், டியூஷன் சென்டரின் பதிவேடு. ஒவ்வொன்றிலும் பெயர், பள்ளி, குரூப், பெற்றோர் நம்பர். அவற்றில் ஒன்று வெளியே போனால் போதும்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். பதினேழு வயதுப் பிள்ளை தன் எதிர்காலத்தைப் பற்றிக் கவலையோடு கேட்ட கேள்வி, யாருக்கோ விற்பனைப் பட்டியலாகிவிடுகிறது. 2023 சட்டத்தில் 18 வயதுக்குக் குறைந்த எல்லாரும் குழந்தைகள். அவர்கள் தகவலைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். குழந்தைகளின் நடத்தையைப் பின்தொடர்வதும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடாது. கல்வி, மருத்துவம் போன்றவற்றுக்குச் சில விலக்குகள் உண்டு. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம்.

இப்போதைக்குச் செய்யக்கூடியது: கண்காட்சிச் சீட்டில் பிள்ளையின் நம்பரை எழுத விடாதீர்கள். கட்-ஆஃபை வீட்டிலேயே கணக்கிடலாம். பொறியியலுக்குக் கணக்குப் பாடத்தை 100-க்கும், இயற்பியலையும் வேதியியலையும் தலா 50-க்கும் குறைத்துக் கூட்டினால் 200-க்கு வந்துவிடும். இதற்கு யாரிடமும் நம்பர் கொடுக்க வேண்டியதில்லை.

ஆஸ்பத்திரியிலும் லேபிலும் கேட்பதை மறுக்கலாமா?

சிகிச்சைக்குப் போகிறீர்கள் என்றால் மறைக்காதீர்கள். வயது, சாப்பிடும் மாத்திரை, ஒவ்வாமை எல்லாம் டாக்டர் சரியான பதில் சொல்லத் தேவை. கட்டணம் விசாரிக்கும்போது நோயின் பெயரையும் ரிப்போர்ட்டையும் அனுப்ப வேண்டியதில்லை, சோதனையின் பெயர் போதும். ரிசல்ட்டை யாருடைய எண்ணுக்கு அனுப்ப வேண்டும் என்பதை நோயாளிதான் சொல்ல வேண்டும். குடும்ப வாட்ஸ்அப் எண்ணுக்கு ரிப்போர்ட் வந்து சங்கடப்பட்ட பெண்கள் இருக்கிறார்கள்.

செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டால் யாருக்கும் தெரியாதுதானே?

மனிதர் யாரும் எதிரில் இல்லை என்பதால் அப்படித் தோன்றுகிறது. நீங்கள் எழுதுவது அந்த நிறுவனத்தின் கணினிகளுக்குப் போகிறது, பெரும்பாலும் சேமிக்கப்படுகிறது. அமைப்புகளில் மாற்றாவிட்டால், பதில் சொல்லும் அந்த மென்பொருளைப் பயிற்றுவிக்கவும் பல செயலிகள் அதைப் பயன்படுத்துகின்றன. தரத்தைச் சோதிக்கச் சில உரையாடல்களை ஊழியர்களும் படிக்கலாம்.

கேள்வியிலிருந்து ஆளை எடுத்துவிட்டுக் கேளுங்கள். ரத்தப் பரிசோதனை அறிக்கையை அப்படியே ஏற்றினால் பெயர், வயது, லேப் எண் எல்லாம் போகும். 'ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒருவருக்கு இந்த அளவு இவ்வளவு இருந்தால் என்ன அர்த்தம்' என்று எழுதினாலும் பதில் வரும். மாமியாரோடு சண்டை, அலுவலகத்தில் மேலாளரின் பெயர், வாடிக்கையாளர்களின் பட்டியல் ஆகியவை நம்முடைய தகவல் மட்டும் இல்லை, அடுத்தவருடையதும்கூட. பயிற்சிக்குப் பயன்படுத்துவதை நிறுத்தும் வசதி அமைப்புகளில் இருக்கும், முதல் நாளே தேடிப் பிடித்து அணைத்துவிடுங்கள்.

பொதுக் குழுவிலோ சமூக வலைத்தளத்திலோ உங்கள் நம்பரோடு கேள்வியைப் போட்டால், நீங்களே பகிரங்கப்படுத்திய தகவல் என்று 2023 சட்டத்தின் பாதுகாப்பு அதற்குக் கிடைக்காது.

என் தகவலை வைத்து வேறு யாருடைய கேள்விக்காவது பதில் சொல்கிறார்களா?

தினமும். கத்திப்பாராவில் நெரிசலா என்று மேப்பைப் பார்க்கிறீர்கள், சிவப்புக் கோடு தெரிகிறது. அந்த நேரம் அங்கே மெதுவாக ஊர்ந்துகொண்டிருக்கும் வண்டிகளில் உள்ள போன்கள் அனுப்பும் இருப்பிடத் தகவல்தான் அந்தக் கோடாகிறது. நீங்கள் அங்கே மாட்டியிருக்கும் நாளில் உங்கள் போன் அடுத்தவருக்குப் பதில் சொல்கிறது. யாருடைய பெயரும் வெளியே தெரியாமல் மொத்தமாகக் கூட்டிச் சொல்லும்வரை இதில் எனக்கு வருத்தமில்லை, பயன்தான். இருப்பிட அனுமதியை 'செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும்' என்று வையுங்கள். பக்கத்து மருந்துக்கடையைத் தேடத் துல்லியமான இடம் வேண்டாம், தோராயமான இடமே போதும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் இப்படித்தான். நம் ஊரில் எத்தனை வீட்டில் குழாய்த் தண்ணீர் வருகிறது என்ற கேள்விக்கு ஒவ்வொரு வீட்டின் பதிலும் சேர்ந்துதான் விடை. 1948-ம் ஆண்டின் கணக்கெடுப்புச் சட்டம், தனி ஒருவர் சொன்ன விவரத்தை யாரும் பார்வையிட முடியாது, நீதிமன்றச் சாட்சியமாகவும் பயன்படுத்த முடியாது என்று காப்பாற்றுகிறது. கணக்கெடுப்பாளருக்குத் தயங்காமல் பதில் சொல்லுங்கள். ஓடிபி, வங்கி விவரம் எல்லாம் அவர் கேட்க மாட்டார். கேட்டால் வந்திருப்பவர் வேறு யாரோ.

அரசு அலுவலகத்தில் தகவல் கேட்டால், 'உனக்கு எதற்கு இது' என்று கேட்கிறார்களே?

கேட்கக் கூடாது. 2005-ம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், பிரிவு 6(2): மனு செய்பவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை; தொடர்புகொள்ளத் தேவையானது தவிர வேறு சொந்த விவரமும் தர வேண்டியதில்லை. பத்து ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். இந்தப் பக்கத்தில் நான் சொல்லிவரும் அளவுகோலை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன சட்ட வரி வேறு எதையும் நான் பார்த்ததில்லை.

அதே சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவை 2023 சட்டம் மாற்றியிருக்கிறது. 2025 நவம்பரிலேயே அது அமலுக்கும் வந்துவிட்டது. முன்பு, பொது நடவடிக்கையோடு தொடர்பில்லாத தனிப்பட்ட தகவலை மறுக்கலாம், பெரிய பொதுநலன் இருந்தால் தரலாம் என்று அங்கே எழுதியிருந்தது. இப்போது தனிப்பட்ட தகவல் என்றாலே மறுக்க இடமிருக்கிறது. பொதுநலன் பெரிதாக இருந்தால் வெளியிடலாம் என்ற பிரிவு 8(2) மிச்சமிருப்பதால், இனி மனுவிலும் மேல்முறையீட்டிலும் அதைக் குறிப்பிட்டு எழுதுங்கள். சாமானியரின் அந்தரங்கத்தைக் காக்க வந்த சட்டம், அதிகாரியின் கணக்கை மறைக்கும் திரையாகிவிடக் கூடாது என்பது என் கவலை.

கஸ்டமர் கேர் நம்பரை இணையத்தில் தேடிக் கூப்பிட்டேன். பணம் போய்விட்டது.

முதலில் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள், இப்போதே. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு. பிறகு தேசிய சைபர் குற்றத் தளத்தில் புகாரைப் பதியுங்கள், வங்கிக்கும் எழுதுங்கள்.

இதில் நாம்தான் போய்க் கேட்கிறோம், அதனால் சந்தேகம் வருவதில்லை. மோசடிக்காரர்கள் தங்கள் எண்ணை வங்கியின், கூரியரின் உதவி எண்போலத் தேடலில் வரவைக்கிறார்கள். எண்ணைக் கார்டின் பின்புறத்தில், பாஸ்புக்கில், நிறுவனத்தின் சொந்தச் செயலியில் மட்டும் பாருங்கள். உங்கள் பிறந்த தேதியையோ கணக்கின் கடைசி நான்கு இலக்கத்தையோ கேட்டு உறுதிசெய்வது வழக்கம்தான். ஓடிபி, பின், கார்டின் பின்னால் உள்ள மூன்று இலக்கம், திரையைப் பகிரும் செயலி ஆகியவை எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவும் தேவையில்லை.

விளம்பர அழைப்புகளை நிறுத்த?

விளம்பரம் வேண்டாம் என்று 1909-ல் பதியுங்கள். பதிந்த பிறகும் வந்தால் ஏழு நாளுக்குள் அதே 1909-ல் எண், தேதியோடு புகார் செய்யுங்கள். விளம்பர அழைப்புகள் 140 என்றும், வங்கி போன்றவற்றின் சேவை அழைப்புகள் 1600 என்றும் தொடங்கும் எண்களிலிருந்து வர வேண்டும் என்பது ஏற்பாடு.

எங்கள் அபார்ட்மென்ட் வாசலில் வருகிறவர்களிடம் நம்பரும் போட்டோவும் வாங்குகிறோம். இது சரியா?

இந்தக் கேள்வியை யாராவது கேட்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கும், ஏனென்றால் இங்கே தகவல் வாங்குகிறவர்கள் நாம். தனி ஒருவர் தன் வீட்டுக் காரியத்துக்கு வைத்திருக்கும் விவரத்துக்குத்தான் 2023 சட்டத்தில் விலக்கு. சங்கம் தனி ஒருவர் கிடையாது. காகிதப் பதிவேடு கணினியில் ஏறாதவரை சட்டம் அதைத் தொடாது, செயலியில் ஏற்றினால் தொடும்.

வாசலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இவரை உள்ளே விடலாமா? பெயர், எந்த வீடு, அந்த வீட்டாரின் 'சரி' இருந்தால் விடை கிடைத்துவிடும். வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் ஆதார் நகலைச் சங்க அலுவலகத்தில் திறந்த அலமாரியில் வைத்திருப்பதை உடனே நிறுத்துங்கள். எத்தனை நாளுக்குப் பிறகு அழிப்போம் என்று தீர்மானம் போட்டு வாசலில் தமிழில் ஒட்டுங்கள்.

அழிக்கச் சொன்னால் அழித்தே ஆக வேண்டுமா?

வேறு சட்டம் வைத்திருக்கச் சொல்லாதவரை. மருத்துவப் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும். வங்கிகள் கணக்கை மூடிய பிறகும் ஐந்து ஆண்டுகள் அடையாள ஆவணங்களை வைத்திருக்கும். 2025 விதிகளும் தகவலையும் பதிவுக் குறிப்புகளையும் குறைந்தது ஓராண்டு வைத்திருக்கச் சொல்கின்றன. அந்த ஓராண்டில் அதை எடுத்து விளம்பரத்துக்குப் பயன்படுத்த அந்த விதி அனுமதி தரவில்லை.

நிறுவனம் உங்கள் குறைக்கு 90 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்கின்றன விதிகள். அதற்குப் பிறகுதான் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்குப் போக முடியும். அதனால் முதல் கடிதத்தைத் தேதியோடு அனுப்பிப் பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கடிதத்தை எப்படி எழுதுவது?

நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சலில் அனுப்பலாம். தமிழிலேயே எழுதலாம்:

'ஐயா / அம்மா,

இன்ன தேதியில் இன்ன விவரம் கேட்பதற்காக உங்களைத் தொடர்புகொண்டேன். அப்போது என் பெயர், கைபேசி எண் ஆகியவற்றைக் கொடுத்தேன். எனக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது.

என்னைப் பற்றி உங்களிடம் என்னென்ன தகவல் இருக்கிறது, அதை யார் யாருக்குக் கொடுத்திருக்கிறீர்கள் என்று தெரிவிக்கக் கோருகிறேன். விளம்பரத்துக்கோ வேறு காரியத்துக்கோ அதைப் பயன்படுத்த நான் கொடுத்த ஒப்புதல் ஏதும் இருந்தால் இத்துடன் திரும்பப் பெறுகிறேன். சட்டப்படி வைத்திருக்க வேண்டியது தவிர மற்றவற்றை அழித்துவிட்டு எனக்குத் தெரிவிக்கவும். நீங்கள் கொடுத்தவர்களிடமும் அழிக்கச் சொல்லவும்.

இப்படிக்கு,
(பெயர், நீங்கள் அவர்களிடம் பதிந்த அதே எண் அல்லது மின்னஞ்சல்)'

உங்களை அடையாளம் காண அந்த ஒரு எண் போதும். 'உறுதிசெய்ய ஆதார் நகல் அனுப்புங்கள்' என்று பதில் வந்தால், அந்த எண்ணுக்கே ஒரு ஓடிபி அனுப்பிச் சரிபார்க்கச் சொல்லி, அதை அவர்களுடைய தளத்தில் நீங்களே பதிவதாக எழுதுங்கள்.